எழுபத்து மூன்றாம் ஆணியில் தொங்கிய தட்டு

பாட்டுக் கடை வைத்திருப்பவனைப் பார்த்து, "நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, குடுத்து வச்சவர்" என்று ஊரே சொல்லும். ஒரே பாட்டின் முதல் நாலு வரியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பது எப்படிப்பட்ட தண்டனை என்பது அந்தத் தொழில் செய்தவனுக்குத்தான் தெரியும்.

மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவில், பஸ் நிலையத்துக்கு எதிர் வரிசையில், ஒரு கடையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, முன்பாதியில் இசைத்தட்டும் கேசட்டும் விற்றேன். பின்பாதியில் நானும் என் மனைவி லெட்சுமியும் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பதினேழு வருடம் நடத்தினேன். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வலித்தவர்கள் யார் இதைப் படித்தாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கடைச் சுவரில் ஆண்டுக்கு ஒன்றாகத் தட்டுகள் தொங்கின. அவற்றில் ஒன்றினால் ஒரு பெண் பிள்ளை பிறப்புப் பத்திரமே இல்லாமல் நின்றிருப்பாள். நல்லவேளை, அப்படி ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

சாமி படம் மாதிரி

ஈப்போவிலிருந்த மொத்தக் கடைக்காரர் மாதம் ஒரு பார்சலை பஸ்ஸில் போட்டு அனுப்புவார். நாலு பாட்டுள்ள சின்னத் தட்டுகள் நிறைய இருக்கும்; எல்பி என்ற பெரிய தட்டு ஒன்றிரண்டு இருக்கும். ஒவ்வொன்றையும் ஊசி வைத்துக் கேட்டுப் பார்ப்பேன். பிடித்துப்போனால் வந்தது வினை. அதை விற்க மனம் வராது. யாராவது அதையே கேட்டு வந்தால் "கீறல் விழுந்திருக்கு" என்பேன். "வேறொருத்தர் சொல்லி வச்சிருக்கார்" என்பேன். பலகைக்கு அந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டே லெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்திலிருந்து மழையில் நடந்தே வந்த ஒருவரிடம் அப்படித்தான் "இல்லை" என்றேன். அவர் திரும்பி வாசலைத் தாண்டுவதற்குள் லெட்சுமி ஈரக் கையோடு வெளியே வந்தாள். நான் மேஜைக்கு அடியில் வைத்திருந்த தட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையில் கொடுத்து அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கடை வச்சது விக்கிறதுக்கா, நீங்க கேக்குறதுக்கா? வருஷத்துக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதை ஆணி அடிச்சு மாட்டிக்குங்க, சாமி படம் மாதிரி. மத்ததெல்லாம் வித்தாகணும்."

கால்சட்டையின் பாவம்

ஒரு வருடத்தில் வந்த பாட்டுகளில் ஒரே ஒரு தட்டு. சொல்லும்போது சுலபமாக இருக்கும். செய்து பாருங்கள். டிசம்பர் பிறந்ததும் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். போன மாதம் உயிரையே வாங்கிய பாட்டு இந்த மாதம் சாதாரணமாகத் தெரியும். மார்ச்சில் சீ என்று தள்ளியது டிசம்பரில் வாயை விட்டுப் போகாது. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தத் தட்டை ஒருவர் வாங்கிக்கொண்டு போகும்போது எனக்கு வயிறு எரிகிறதோ, அதுதான் அந்த வருடத்துத் தட்டு.

ஆனால் தேர்வை என்னிடம் விட்டுவிட ஊர் தயாராக இல்லை. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லோரி ஓட்டுநர் மணியத்துக்குப் பாட்டென்றால் மேளம் அதிர வேண்டும். பக்கத்துக் கடை தையல்காரர் பெலிக்ஸுக்கு வயலின் இழைய வேண்டும். மேளம் என்றாலே காதைப் பொத்திக்கொள்வார். டிசம்பர் மாதம் முழுக்க இருவரும் என் கடையில்தான் இருப்பார்கள். ஒரு வருடம் நான் மணியத்தின் கட்சிப் பாட்டை மாட்டிவிட்டேன். பெலிக்ஸ் எழுந்து தையல் மெஷினுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து மணியம் புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று கத்தினார். ஒரு கால் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"பாட்டுல நீ தோத்ததுக்கு என் கால்சட்டை என்னலா பண்ணுச்சு?"

அப்பளம்

இந்த மலையில் பாட்டு விற்றவர்களுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் உறைக்குள் இருக்கும் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மெல்லிய துணியில் துடைத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். எழுபத்து மூன்றாம் ஆண்டு டிசம்பரில் நான் தேர்ந்தெடுத்து மாட்டிய தட்டிலும் பூத்தது. காற்றாட வைக்கலாம் என்றால் காற்றே தண்ணீராக இருந்தது. அவசரப் புத்தி. கரி அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்துவிட்டுக் கடையைப் பார்க்க வந்துவிட்டேன்.

போய் எடுத்தபோது தட்டு அப்பளம் போல நெளிந்திருந்தது. மனசு கேட்காமல் அதை ஓடவிட்டுப் பார்த்தேன். ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. அதற்குப் பதிலாக வேறொன்று வைத்துக்கொள்கிறேன் என்று லெட்சுமியிடம் கேட்டேன். அடுப்பில் வைத்தது யார் தப்பு என்று கேட்டுவிட்டு, அந்த வருடத்துக்கு வேறு கிடையாது என்று சொல்லிவிட்டாள். எழுபத்து மூன்றாம் ஆணி வெறும் ஆணியாக நின்றது. நெளிந்த தட்டைக் கேட்ட பெலிக்ஸ் மட்டும் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"பாட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. படகுல போய்க்கிட்டே பாடுறாங்க போல."

சிவப்புக் குடை

அடுத்த வருடம், எழுபத்து நான்கில், எனக்கு இரண்டு தட்டுகளுக்கு வயிறு எரிந்தது. ஒன்று உறையில் கப்பல் படம் போட்டது. இன்னொன்று, சிவப்புக் குடை பிடித்த பெண்ணின் படம் போட்டது. சிவப்புக் குடை அந்த வருடம் பொங்கல் கழிந்த வாரப் பார்சலில் வந்தது. சென்னையில் முந்தின வருடக் கடைசியிலேயே வெளிவந்துவிட்டது. கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஈப்போவுக்கு வந்து, மலையேறுவதற்குள் வருடம் மாறிவிட்டது. அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் சின்ன எழுத்தில் எழுபத்து மூன்று என்றுதான் அச்சாகியிருந்தது.

என் கண் அந்தச் சின்ன எழுத்தில் விழுந்தது. பிறகு வெறும் ஆணியில் விழுந்தது. டிசம்பர் கடைசியில், லெட்சுமி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, கப்பலை எழுபத்து நான்கிலும் குடையை எழுபத்து மூன்றிலும் மாட்டினேன். கீழே காகிதத்தில் வருடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். லெட்சுமி திரும்பி வந்தாள், சுவரை ஒரு முறை பார்த்தாள், கீரையை ஆய உட்கார்ந்துவிட்டாள். அவள் கவனிக்கவில்லை என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் கடைக்கு வந்த மணியமும் நம்பிவிட்டார்.

"எழுபத்து மூணுல இப்படி ஒரு தட்டு வந்துச்சாலா? எனக்குத் தெரியாமப் போச்சே!"

எட்டு வருடமா, இருபது வருடமா

வருடங்கள் போகப் போகச் சுவர் நிறைந்தது. ஜனங்கள் அதைப் பாட்டுக்காகப் பார்த்ததைவிட வருடத்துக்காகப் பார்த்தது அதிகம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அப்போது வருடத்தை எண்ணில் வைத்துக்கொள்ளும் பழக்கம் குறைவு. "பெரிய மண்சரிவு வந்தப்போ", "பழைய துரை போனப்போ" என்றுதான் பேசுவார்கள். என் சுவர் அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது வீடு மாறினோம், மாடு வாங்கினோம் என்று அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கீழே ஒட்டிய காகிதத்தை என்னைப் படிக்கச் சொல்வார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், தனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் என்றார். அவர் மனைவி இல்லை என்றாள். தங்கள் கல்யாணத்தில் ஓடிய தட்டை அவளே சுவரில் காட்டினாள். கணக்குப் பார்த்தால் எட்டுதான் வந்தது. அவர் சுவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டுதானா? எனக்கு என்னவோ இருபது மாதிரி இருக்கு."

குழாய்க்கு நேர் கீழே

இப்படி விளையாட்டாக இருந்த சுவரிடம்தான் அஞ்சலை வந்து நின்றாள். அது எண்பத்து ஆறாம் வருடம். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிப்பவள். பக்கத்தில் மகள் கோமதி, ஆறாம் வகுப்பு, பள்ளிச் சீருடையோடு நின்றாள். அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பதிந்துவிட்டு வருகிறேன், பதிந்துவிட்டு வருகிறேன் என்று நாளைத் தள்ளிய அவள் அப்பா, பிள்ளைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் இறந்துவிட்டாள். தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டுக் காட்டியதால் தோட்டப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் மேலே படிப்பும் இல்லை, பிறகு வேலையும் இல்லை. பிறந்த நாட்டிலேயே எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லாமல் திரிய வேண்டியதுதான். பதிவு அலுவலகத்தில் இரண்டு கடிதம் கேட்டிருந்தார்கள். அஞ்சலை பிரசவ விடுப்பில் இருந்தாள் என்று தோட்டத்திலிருந்து ஒன்று. விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவரின் சாட்சி ஒன்று. இரண்டுக்கும் வருடம் வேண்டும். அஞ்சலைக்கு அது தெரியவில்லை.

"தை மாசம், அது தெரியும்ணே. மேல் லயத்துல கல்யாணம். நீங்கதான் மைக் செட் கட்டுனீங்க" என்றாள். எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த நாளில் கடையோடு சேர்த்துக் கல்யாணங்களுக்கு மைக் செட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். லோரி பேட்டரியில் செட்டை ஓடவிட்டு, குழாய் ஒலிபெருக்கியை ஒரு மரத்தில் கட்டியிருந்தேன். காலை முகூர்த்தம் முடிந்த நேரம். சிவப்புக் குடையைப் போட்டுவிட்டு நிற்கிறேன், ஒரு பெண் ஓடி வந்து, "பாட்டை நிறுத்துங்க, குழாய்க்கு நேர் கீழ அஞ்சலைக்கு இடுப்பு வலி" என்றாள். நிறுத்தினேன். உடனே இன்னொருத்தி ஓடி வந்து, "போடுங்க, போடுங்க, அவ கத்துறது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கேக்குது" என்றாள். மறுபடி போட்டேன். இரண்டு பக்கமும் ஓடி முடியும்போது கோமதி பிறந்துவிட்டாள்.

அப்புறம் என்ன, சுவரைப் பார்த்தேன். சிவப்புக் குடைக்குக் கீழே எழுபத்து மூன்று. என் கையெழுத்துதான். பொய்யாக எழுதி ஒட்டியவனே பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்து அதை நம்பிப்போயிருந்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாமல் பேப்பர் படித்துக் கற்றுக்கொண்ட மலாய் எனக்கு. அதில் ஒரு சாட்சிக் கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் லேசாக ஒரு தயக்கம் வந்தது. எதனால் என்று அப்போது புரியவில்லை. ஒரு தடவை யோசித்துச் சொல்லட்டுமா என்று அஞ்சலையிடம் கேட்டேன்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எழுதி மாட்டி வச்சது, தப்பாவா இருக்கப்போவுது? போடுங்கண்ணே."

கிராணி கேட்ட கேள்வி

என் கடிதத்தை அஞ்சலை பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். தோட்டத்துக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா, இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்தில் ஆள்வரவு எழுதும் பழைய புத்தகங்கள் ஸ்டோர் மச்சில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கொஞ்சம் முன்கோபி. "வருஷத்தைச் சொல்லு, எடுத்துப் பாக்குறேன். எல்லாத்தையும் புரட்ட என்னால முடியாது" என்றாராம். அஞ்சலை எழுபத்து மூன்று என்று சொன்னாள்.

புதன்கிழமை பிற்பகல். மழை விட்டிருந்தது. அஞ்சலை என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கிராணி எழுபத்து மூன்றாம் வருடத் தை மாதத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். அஞ்சலை எல்லா நாளும் வேலைக்கு வந்திருக்கிறாள். மாசி, பங்குனியும் அப்படியே. ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்களாம். அவர்கள் முன்னால் புத்தகத்தைத் திருப்பிக் காட்டிக் கேட்டிருக்கிறார். அதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள். சொல்லும்போது கோமதி பக்கத்தில்தான் நின்றாள்.

"அந்த வருஷம் நீ ஒரு நாள்கூட லீவு போடல. அப்போ இது யாரு புள்ள?"

லெட்சுமிக்குத் தெரியும்

அந்தக் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியவன் நான். பிள்ளை பிறந்த சத்தத்தைக் கேட்டவன் நான். கிராணி பொய் சொல்கிறாரா, புத்தகம் பொய் சொல்கிறதா என்று என்னென்னவோ பேசினேன். சுவரிலிருந்து சிவப்புக் குடையை எடுத்து வந்து அஞ்சலையிடம் காட்டி, "இதுதானே, இதுதானே" என்றேன். அவள் அழவில்லை. "இதுதாண்ணே" என்றாள். கோமதி என் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெட்சுமி மூன்று குவளை தேத்தண்ணீரோடு வந்தாள். ஒன்றை அஞ்சலையிடம் கொடுத்தாள், ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தாள். என்னிடம் நீட்டிய குவளையை நான் வாங்கவில்லை. அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "ஏங்க, எழுபத்து மூணுல நமக்கு ஏது தட்டு? அதைத்தான் அடுப்புல வச்சு அப்பளம் ஆக்கிட்டீங்களே. இது அதுக்கு அடுத்த பொங்கல் கழிஞ்சு வந்தது" என்றாள். குரலை உயர்த்தாமல், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் வந்தது. பாசாருக்குப் போன நேரம் பார்த்து ஆணியில் மாட்டியது, காகிதத்தை ஒட்டியது, எல்லாம். வெட்கத்தில் முகம் எரிந்தது. அதே நேரத்தில், மார்பில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரியும் இருந்தது. எழுபத்து நான்கு! தப்பு வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். என்னுடையதென்றால் என்னால் சரிசெய்ய முடியும். "உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். அஞ்சலை இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் லெட்சுமி சொன்னாள்.

"தெரியாம என்ன? ரெண்டுல எதை விக்கிறதுன்னு தெரியாம ஒரு வாரம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல் மணியத்தின் லோரியில் அஞ்சலையோடு தோட்டத்துக்குப் போனேன். கிராணியிடம் நடந்ததைச் சொன்னேன். முறைத்தார், ஆனால் மச்சுக்கு ஏறினார். எழுபத்து நான்காம் வருடப் புத்தகத்தின் ஓரம் கரையான் அரித்திருந்தது. அவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, அரித்த தூள் மேஜையில் உதிர்ந்தது. தை மாதப் பக்கத்தில் அஞ்சலையின் பேர் தப்பித்திருந்தது. பேருக்கு நேரே, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு தொடங்கி, சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு. பக்கத்தில் பிரசவ விடுப்பு என்று எழுதியிருந்தது. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட பிறகு, ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "இது அஞ்சலை புள்ளதான், புத்தகத்துல இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். முன்கோபிதான், ஆனால் கெட்டவர் இல்லை.

இனி என் பாடு. தப்பான வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. தோட்டத்துக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை திறந்ததும் போய் நின்றேன். பதினைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவனுக்கு முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்தவர் என் வயதுள்ள ஒரு மலாய்க்காரர். பொய்ச் சாட்சி என்று பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். ஆனாலும் ஆணி, அடுப்பு, அப்பளம், இரண்டு தட்டு, பாசாருக்குப் போன மனைவி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு பின்னால் திரும்பி, இன்னொரு மேஜையில் இருந்த பெண்ணையும் கூப்பிட்டு, "திரும்பச் சொல்லுங்கள், இவருக்கும் சொல்லுங்கள்" என்றார். திரும்பச் சொன்னேன். இருவரும் சிரித்து முடித்ததும் பழைய கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, புது வெள்ளைத் தாள் ஒன்றையும் நீட்டினார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வயதைக் குறைக்க வருடத்தை மாற்றுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். பெண்டாட்டிக்குப் பயந்து மாற்றியவர் நீங்கள் ஒருவர்தான். உட்காருங்கள், சரியாக எழுதுங்கள்."

பத்திரம்

சில மாதம் கழித்துப் பத்திரம் வந்தது. வாங்கிய கையோடு அஞ்சலையும் கோமதியும் நேரே கடைக்கு வந்தார்கள். லெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெலிக்ஸ் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அந்தத் தாளைக் கோமதி கவுண்டரில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தாள். அவள் பேர், பிறந்த நாள், வருடம் எழுபத்து நான்கு, பிறந்த இடம், அப்பா பேர். அதற்கடுத்த வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினாள்.

"அம்மா, உன் பேரு இருக்கு" என்றாள். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. எங்கே, எங்கே என்று குனிந்தாள். பிள்ளை அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தது. கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல் அது. விரலை எடுத்து, கீழே இருந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"இவ்ளோ அலைஞ்சதுக்கு, என் பேரு இம்புட்டுத்தானாண்ணே?"

லெட்சுமி போய் ஆறு வருடம் ஆகிறது, கடையும் எப்போதோ போய்விட்டது. வருடத்துக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்ததில் எத்தனையோ தப்பு செய்திருப்பேன், நல்லவேளை, ஒன்றைத் தவிர வேறு எதற்கும் நான் கையெழுத்துப் போடவில்லை.